பிளேட்டோவின் ஊற்றும் சுன்னாகத்துக் கிணறும்

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை யாழ்ப்பாணத்தில் எவருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வாளியில் ஒட்டிய பிசுபிசுப்பு, பவுசர் வரும்வரை ஒழுங்கை முகப்பில் அடுக்கிய குடங்கள், மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு எல்லாம் ஊரறிந்தவை. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி கொழும்பில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா கட்டவேண்டும் என்று சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தீர்ப்பைத் தாங்கி நின்றது ஒரு சின்ன விதி: அழுக்காக்கியவரே செலவையும் ஏற்கவேண்டும். இந்த விதி சுன்னாகத்துக்கு வந்து சேர இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. ஒரு பன்றித் தொழுவம், ஒரு நிலக்கரிச் சுரங்கம், ஒரு மதுவடிசாலை, பாரிஸில் ஒரு வர்த்தகக் கூட்டம், பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஊர்கள் என்று அது தங்கிய இடங்கள் பல. தங்கிய இடமெல்லாம் எதையோ சேர்த்துக்கொண்டது. எதையோ தவறவிட்டும் வந்தது.

பழைய வடிவத்திலிருந்தே தொடங்குவோம். கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்ற நூல், கிரீட் தீவில் அமையப்போகும் ஒரு கற்பனை நகரத்துக்கு விதிகளை வகுக்கிறது. அதன் எட்டாம் பாகத்தில் கமக்காரருக்கான சட்டங்கள் வருகின்றன. அங்கே தண்ணீருக்கு மட்டும் அவர் தனியிடம் கொடுக்கிறார். மண்ணையும் வெயிலையும் காற்றையும் நஞ்சூட்டவோ திருப்பிவிடவோ களவெடுக்கவோ எளிதில் முடியாது, தண்ணீரை முடியும், ஆகவே அதற்குச் சட்டத்தின் துணை தேவை என்பது அவருடைய நியாயம். ஒருவர் இன்னொருவருடைய ஊற்றையோ தொட்டியையோ கெடுத்தால் பாதிக்கப்பட்டவர் நட்டத்தைக் கணக்கிட்டு நகர அதிகாரிகளிடம் போகலாம். குற்றம் உறுதியானால் கெடுத்தவர் நட்டஈடு கட்டவேண்டும். அத்துடன் விடவில்லை: அந்த ஊற்றைத் துப்புரவாக்கியும் கொடுக்கவேண்டும்.

காசு கட்டு, தண்ணீரையும் சுத்தமாக்கு. விதிக்கு இரண்டு பாதிகள் இருந்தன என்பதைக் குறித்து வைத்துக்கொள்வோம். கிரீட் தீவும் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலப் பெருமளவு சுண்ணாம்புக்கல்லால் ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது எங்கே போய் வெளிக்கிடும் என்று யாரும் உறுதியாகச் சொல்லமுடியாது.

இந்தியத் துணைக்கண்டத்தில் கௌடில்யரின் அர்த்தசாத்திரம் வேறு வழியில் போனது. நீர்நிலை, கோயில், அரச கட்டடம் ஆகியவற்றின் அருகே அசுத்தம் செய்பவருக்குத் தண்டப்பணம் விதித்தது. அந்தப் பணம் அரச கருவூலத்துக்குப் போயிற்று. கிணற்றுக்காரருக்கு எதுவும் கிடைக்கவில்லை, கிணறும் அப்படியே கிடந்தது. இன்று உலகின் பல சுற்றாடல் சட்டங்கள் பிளேட்டோவின் வழியைவிட இந்த வழியிலேயே நடக்கின்றன.

அடுத்த நிறுத்தம் இங்கிலாந்தின் நோர்போக், ஆண்டு 1610. வில்லியம் ஓல்ட்ரெட் என்பவரின் வீட்டோடு ஒட்டி அயலவர் தோமஸ் பென்டன் பன்றித் தொழுவம் கட்டினார். நாற்றம் தாங்காமல் ஓல்ட்ரெட் வழக்குப் போட்டார். பன்றி நாற்றத்தைக்கூடத் தாங்காத அளவுக்கு ஒருவருக்கு மூக்கு நொய்மையாக இருக்கக்கூடாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அயலவருக்குக் கேடு வராதபடிதான் உன் உடைமையை நீ பயன்படுத்தலாம் என்ற பழைய இலத்தீன் முதுமொழி இந்த வழக்கின் மூலமாக ஆங்கிலச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டது. பேரரசு போன இடமெல்லாம் அதுவும் கப்பலேறிப் போயிற்று.

அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி நம் ஊர் வழக்கங்களைத் தொகுத்தார், பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்தார்கள், தேசவழமை எழுத்தில் ஏறியது. 1806 இல் பிரித்தானியரும் அதை உறுதிசெய்தார்கள். முதுசம், சீதனம், ஒற்றி என்று காணியைச் சுற்றி நுணுக்கமாகப் பேசும் சட்டம் அது. இன்றும் வலிகாமத்தில் ஓர் உறுதியை விரித்தால் காணியின் பரப்புக்குப் பக்கத்திலேயே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கும். அண்ணன் தம்பி பிரிந்தாலும் கிணறு பிரியாது, பங்காகவே போகும். தண்ணீரை இவ்வளவு கவனமாகப் பங்கிட்ட சமூகத்துக்கு அந்தத் தண்ணீரைத் தூரத்திலிருக்கும் ஒருவர் கெடுத்துவிட முடியும் என்று நினைக்க அப்போது காரணம் இருக்கவில்லை. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் கிணற்றைக் கெடுக்கக்கூடியவர் கண்ணுக்குத் தெரிந்த அயலவர் மட்டுமே.

கண்ணுக்குத் தெரியாத கேட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது லங்காஷயரின் பருத்தி ஆலைத் தொழில். ஜோன் றைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தம் ஆலைக்குத் தண்ணீர் சேர்க்க ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். கட்டியவர்கள் நிலத்துக்கடியில் மூடிக்கிடந்த பழைய சுரங்கக் குழிகளைக் கண்டும் அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. 1860 டிசம்பரில் தேக்கம் நிரம்பியதும் தண்ணீர் அந்தக் குழிகளுக்குள் இறங்கி, அயலில் தோமஸ் பிளெச்சர் வெட்டிக்கொண்டிருந்த நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. றைலண்ட்ஸுக்குக் குழிகள் இருந்ததே தெரியாது. ஆனாலும் 1868 இல் பிரபுக்கள் சபை அவரையே பொறுப்பாக்கியது. தப்பினால் கேடு செய்யும் ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவர், அது தப்பிப்போனால், தான் கவனமாக இருந்தேன் என்று சொல்லி விலகமுடியாது. நிலத்துக்கடியில் நடந்த ஒரு விபத்தே இந்த விதியைப் பெற்றது.  

இதைவிடச் சுன்னாகத்துக்கு நெருக்கமான வழக்கு 1885 இல் வந்தது. இலண்டனுக்கு அருகே பிரென்ட்போட்டில் பலார்ட் என்ற மதுவடிசாலைக்காரருக்கு ஓர் ஆழ்கிணறு. அயலில் அச்சகம் வைத்திருந்த டொம்லின்சன் தமது பாவனையற்ற கிணற்றைக் கழிவுக்குழியாக்கிவிட்டார். இரண்டு கிணறுகளுக்கும் இடையே ஏறக்குறைய 99 யார். கழிவு நிலத்தடியால் ஊர்ந்து வடிசாலைக்காரரின் கிணற்றுக்குப் போயிற்று. கீழ் நீதிமன்றத்தில் டொம்லின்சன் வென்றார். நிலத்தடி நீர் ஒருவருக்கும் சொந்தமில்லை, சொந்தமில்லாததைக் கெடுத்ததாக எப்படி வழக்காடலாம் என்ற வாதம் எடுபட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஒருவருக்கும் சொந்தமில்லை என்றால் எல்லோருக்கும் அள்ளும் உரிமை உண்டு, ஆகவே அள்ளுவதற்கு முன் அதைக் கெடுக்க எவருக்கும் உரிமையில்லை என்றது. நிலத்தடி நீரைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்த நீதிமன்றமும் சொன்னதாக நான் அறியேன். வலிகாமத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்த வழக்கைக் கதையாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

நீதிமன்றத்துக்கு வெளியே பொருளியலாளர்களும் இந்த விதியை வேறு பாதையால் வந்து தொட்டார்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆதர் பிகூ 1920 இல் எழுதிய நூலில் ஆலைப் புகையின் செலவு ஆலைக்காரரின் கணக்கேட்டில் ஏறுவதில்லை, ஊராரின் சலவைக்கணக்கிலும் மருந்துக்கணக்கிலும் ஏறுகிறது என்று காட்டினார். அந்தச் செலவை வரியாக ஆலைமேல் திருப்பவேண்டும் என்றார். அரை நூற்றாண்டு கழிந்து, 1972 மே 26 ஆம் திகதி, செல்வந்த நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு பாரிஸில் இதையே கொள்கையாக ஏற்றது. 'மாசாக்கியவரே செலுத்துக' என்ற பெயரும் உலக அரங்கில் அப்போதுதான் நிலைத்தது. அங்கே பாதிக்கப்பட்டவரைப் பற்றிய கவலை மையத்தில் இருக்கவில்லை. ஒரு நாடு தன் ஆலைகளின் துப்புரவுச் செலவுக்கு மானியம் கொடுத்தால் மற்ற நாட்டு ஆலைகளுக்குச் சந்தையில் அநியாயம் நேரும் என்பதே கூட்டத்தின் கவலை. நியாயமான வர்த்தகத்துக்காக எழுதிய விதியைப் பிற்காலத்தில் கிணற்றுக்காரர்கள் நீதிக்காக எடுத்துக்கொண்டார்கள். பிளேட்டோவின் இரண்டாம் பாதி, தண்ணீரைச் சுத்தமாக்கிக் கொடுப்பது, பாரிஸில் எவருடைய நினைவிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்டொக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் மானிடச் சுற்றாடல் மாநாடு கூடியது. அதன் பிறகு நாடு நாடாகச் சட்டம் எழுதும் காலம் பிறந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய காலம் என்று சொன்னாலும் பிழையில்லை. இந்தியா 1976 இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி, சுற்றாடலைக் காப்பது அரசின் கடமை என்றும் குடிமக்களின் கடமை என்றும் இரண்டு உறுப்புரைகளைச் சேர்த்தது. 1977 இல் சோவியத் ஒன்றியத்தின் புதிய அரசியலமைப்பு, இயற்கையைக் காத்து அதன் செல்வங்களைப் பேணுவது குடிமக்களின் கடமை என்றது. 1978 இல் வந்த இலங்கை அரசியலமைப்பில் இரண்டின் சாயலும் உண்டு. 27(14) ஆம் உறுப்புரை அரசின் கடமையைச் சொல்கிறது. 28 ஆம் உறுப்புரையின் கடைசிக் கடமையை ஆங்கிலப் பிரதியில் வாசித்தால் சோவியத் வாசகம் அச்சொட்டாக அப்படியே இருக்கிறது. திறந்த பொருளாதாரத்தை வரவேற்கவென்று ஜே. ஆர். ஜயவர்தனா கொண்டுவந்த அரசியலமைப்பு அது. அதே 1978 இல்தான் வெளிநாட்டு முதலீட்டை ஈர்க்கப் பெரும் கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவும் பிறந்தது. அது 1992 இல் இலங்கை முதலீட்டுச் சபையாகப் பெயர் மாறியது. இந்தச் சபை சுன்னாகத்து வழக்கில் ஓர் எதிர்மனுதாரராக நின்றது. இயற்கையைக் காக்கச் சொன்ன வாசகமும் முதலீட்டை அழைத்த நிறுவனமும் ஒரே ஆண்டில் பிறந்து, நாற்பது ஆண்டு கழித்து ஒரே நீதிமன்றத்தில் எதிரெதிரே சந்தித்தன.

1980 இல் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்குப் பல் வைத்தது: சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் கழிவை வெளியேற்றக்கூடாது, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும். இந்த மதிப்பீட்டு முறையும் இரவல்தான். 1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாந்தா பாபரா கடலோரத்தில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கரையெல்லாம் கறுத்தது. அந்த ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தில் 1970 புத்தாண்டு நாளில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்டார். தாக்க மதிப்பீடு அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது, உலகில் அதிகம் பிரதிசெய்யப்பட்ட சட்டங்களில் அதுவும் ஒன்று.

நாம் பிரதிசெய்யாமல் விட்ட ஒன்றைத்தான் இங்கே நிறுத்திச் சொல்லவேண்டும். நமது சட்டம் பிறந்த அதே 1980 இல், டிசம்பர் 11 ஆம் திகதி, அமெரிக்கா 'சூப்பர்ஃபண்ட்' என்று மக்கள் அழைக்கும் சட்டத்தை ஏற்றது. நயாகரா நகரில் லவ் கனால் என்ற குடியிருப்பின் அடியில் பல்லாண்டுகளுக்கு முன் புதைத்த இரசாயனக் கழிவு வீடுகளின் நிலவறைகளுக்குள் கசிந்ததுதான் காரணம். புதைத்த காலத்தில் அது சட்டவிரோதம் இல்லை. புதைத்த நிறுவனம் நிலத்தை எப்போதோ கைமாற்றிவிட்டது. யாரைப் பிடிப்பது? சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. பழைய கழிவுக்கும் பின்னோக்கிப் பொறுப்பு வைத்தது. பலர் சேர்ந்து அழுக்காக்கிய இடத்தில் எவரிடமிருந்தும் முழுச் செலவையும் வாங்கலாம், வாங்கப்பட்டவர் தன் கூட்டாளிகளோடு பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ஆள் கிடைக்காத இடங்களைத் துப்புரவாக்க எண்ணெய், இரசாயனத் தொழில்கள்மேல் வரி போட்டு ஒரு நிதியம் வைத்தது. 1995 இறுதியில் அந்த வரி காலாவதியாகப் பணிகள் மந்தமாயின. கால் நூற்றாண்டு கழிந்துதான் வரி திரும்பி வந்தது. குறைகள் நிறைந்த சட்டம்தான். ஆனாலும் பிளேட்டோவின் இரண்டாம் பாதியை மறுபடி எழுத்தில் வைத்த சட்டம் அது.

இங்கிலாந்திலோ விதி பின்னுக்குப் போயிற்று. கேம்பிரிட்ஜுக்கு அருகே சோஸ்டன் என்ற ஊரில் ஒரு தோல் தொழிற்சாலையின் தரையில் கொழுப்பு நீக்கும் திரவம் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சிந்தியது. கொங்கிறீற்றுத் தரையைக் கடந்து, கீழேயிருந்த சுண்ணக்கல்லைக் கடந்து, ஏறக்குறைய 2 கிலோமீற்றர் தூரத்திலிருந்த குடிநீர்க் குழாய்க்கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. நீர்க் கம்பனி வழக்குப் போட்டது. 1993 டிசம்பரில் பிரபுக்கள் சபை தொழிற்சாலையை விடுவித்தது. சிந்திய காலத்தில் இப்படி ஒரு கேடு வரும் என்று நியாயமான எவரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்பது காரணம். றைலண்ட்ஸ் விதியின் கூர் அங்கே மழுங்கியது.

அந்தக் கூரை மறுபடி தீட்டியது இந்தியா. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1984 இல் போபால் நச்சுவாயுக் கசிவு, ஓராண்டு கழித்து டில்லியின் ஸ்ரீராம் ஆலையில் அமிலக் கசிவு. பிரதம நீதியரசர் பகவதி தலைமையிலான அமர்வு, றைலண்ட்ஸ் விதியிலுள்ள விதிவிலக்குகள் இந்தியாவுக்கு உதவாது என்று சொல்லி விதிவிலக்கே இல்லாத முழுப் பொறுப்பை நிறுவியது. 1996 பெப்ரவரியில் ராஜஸ்தானின் பிச்சிரி கிராம வழக்கில், கிணறுகளைக் கெடுத்த இரசாயன ஆலைகள் மண்ணையும் நீரையும் மீட்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 இல் வேலூர் வழக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தமிழ்நாட்டின் தோல் பதனிடும் ஊர்கள் எல்லாம் அதில் வந்தன. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்ததாகத் தீர்ப்பு சொல்கிறது. நீதியரசர் குல்தீப் சிங் மாசாக்கியவர் செலுத்தும் விதியை நாட்டின் சட்டம் என்றே அறிவித்தார். பாதிக்கப்பட்டவருக்கு ஈடு, கெட்ட சூழலை மீட்கும் செலவு, இரண்டும் அந்த விதிக்குள் அடங்கும் என்றார். பாரிஸில் காணாமற்போன பாதி வேலூரில் திரும்பிவந்தது.

இலங்கைக்கு விதி நுழைந்த வாசல் இன்னும் விசித்திரமானது. 1997 இல் தன்யூப் ஆற்றின் அணைக்கட்டுக்காக ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடின. அங்கே நீதிபதியாக இருந்த இலங்கையர் சி. ஜி. வீரமந்திரி தம் தனித் தீர்ப்பில் அநுராதபுர காலத்துக் குளங்களையும், மன்னர் நிலத்தின் உரிமையாளர் அல்லர், காவலர் மட்டுமே என்று மகிந்த தேரர் சொன்னதாக மகாவம்சம் கூறுவதையும் எடுத்துக்காட்டினார். மூன்றே ஆண்டில், 2000 ஆம் ஆண்டு, எப்பாவல பொசுபேற்று வழக்கில் நீதியரசர் அமரசிங்க அந்த ஹேக் தீர்ப்பை எடுத்தாண்டு, ஸ்டொக்ஹோம், ரியோ பிரகடனங்களோடு சேர்த்து இலங்கைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். அநுராதபுரத்துச் செய்தி தன்யூப் போய், ஹேக் வழியாக அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவுக்கே திரும்பி வந்துவிட்டது.

இனிச் சுன்னாகம். பின்னர் மின்சார சபையின் கைக்கு வந்த டீசல் நிலையம் 1950களின் இறுதியிலிருந்தே இயங்கிய இடம். போர்க்காலத்தில் நீண்டகாலம் குடாநாட்டுக்கு வெளிச்சம் எண்ணெயில் ஓடிய இயந்திரங்களிலிருந்துதான் வந்தது. போர் முடிந்த காலத்தில் நொதேர்ன் பவர் அங்கே மின் உற்பத்தி செய்தது. கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் குகையும் நிறைந்தது. குடாநாட்டின் நான்கு நிலத்தடி நீர்ப்படுகைகளில் வலிகாமத்துக்குரியதை நீரியலாளர்கள் சுன்னாகப் படுகை என்றே அழைக்கிறார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இறுதி தொடங்கி 2014 நடுப்பகுதி வரை 150 கிணறுகளைச் சோதித்தபோது 109 இல் எண்ணெயும் கொழுப்பும் அளவுக்கு மிஞ்சியிருந்தன. திண்டுக்கல்லிலும் சுன்னாகத்திலும் ஏறக்குறைய நான்கில் மூன்று கிணறுகள். ஒன்று தோல், மற்றது டீசல்.

2015 ஜனவரியில் நிலையம் நிறுத்தப்பட்டது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு அச்சப்படும் அளவுக்கு எண்ணெய் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஊரில் யாரும் அதை இலகுவில் ஏற்கவில்லை. ஒரு சபையின் ஆய்வு ஒன்று சொல்ல, இன்னொரு சபையின் குழு வேறொன்று சொன்னால் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கும் தாய் யாரை நம்புவாள்? உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் தென்னிலங்கைச் சூழலியலாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்தான், 2013 ஆகஸ்ட் 1 இல், கம்பகா மாவட்டம் ரத்துபஸ்வலவில் சுத்தமான குடிநீர் கேட்ட மக்கள்மீது இராணுவம் சுட்டு உயிர்கள் போயிருந்தன. கிணறு கெட்ட துயரம் சிங்களக் கிராமத்துக்கும் தமிழ்க் கிராமத்துக்கும் பொதுவாக இருந்தது. தெற்கிலிருந்து ஒருவர் வடக்குக் கிணறுகளுக்காக வழக்காடியதை நன்றியோடு நினைக்கவேண்டும்.

அரசியலமைப்பின் சுற்றாடல் உறுப்புரைகளை நேரடியாக நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது. ஆகவே வழக்கு 12(1) ஆம் உறுப்புரை வழியாக, சட்டத்தின் முன் சமத்துவம் என்ற உரிமையாகப் போயிற்று. நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு, உரிமம் கொடுக்கவும் கண்காணிக்கவும் கடமைப்பட்ட அரச நிறுவனங்கள் தவறியதைச் சுட்டி, மாசாக்கியவர் செலுத்தும் விதியை நிறுவனத்தின்மேல் ஏற்றியது. தமிழ் மண்ணின் சுற்றாடல் வரலாற்றில் வேலூருக்கு அடுத்த பெரிய தீர்ப்பு இது என்பது என் எண்ணம். 2025 ஜூலை 24 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் வழக்கில் நூறு கோடி டொலர் கட்டச் சொன்ன தீர்ப்பும் இதே விதியில்தான் காலூன்றி நிற்கிறது.

ஆனால் சுண்ணாம்புக்கல்லைக் கழுவ முடியுமா? கிணற்றை இறைக்கலாம், சேற்றை வாரலாம், ஊற்றுக்கண்ணைத் தட்டிப் பார்க்கலாம். ஊற்றுக்குப் பின்னால் கிடக்கும் படுகை எவருடைய உறுதியிலும் இல்லை. நட்டஈடு ஆட்களுக்குப் போகிறது. படுகையின் பேரில் காசு வாங்க ஆளில்லை. நமது சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். உள்நாட்டு நீரை மாசாக்கினால் சட்டம் சொன்ன தண்டம் பத்தாயிரம் ரூபாவுக்கும் ஒரு இலட்சம் ரூபாவுக்கும் இடையில். எண்பதுகளில் அது பெருந்தொகை.

தேசிய சுற்றாடல் சட்டத்தைப் புதுப்பிக்கும் பேச்சு கொழும்பில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்த மேசையில் சுன்னாகத்தின் சார்பில் வைக்கவேண்டியவற்றில் முதலாவது, பின்னோக்கிய கூட்டுப் பொறுப்பு. இது யாருடைய எண்ணெய், மின்சார சபை காலத்ததா, போர்க்காலத்ததா, பின்னால் வந்த கம்பனியினதா என்ற கேள்வியிலேயே ஆண்டுகள் கழிந்தன. முதலில் படுகையைத் துப்புரவாக்கட்டும், பங்கைப் பிறகு தங்களுக்குள் பிரிக்கட்டும் என்று சட்டம் சொன்னால் அந்தக் கேள்வி கிணற்றுக்காரரின் தலையில் விழாது.

அடுத்தது காலம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போடவேண்டும் என்கிறது 126(2) ஆம் உறுப்புரை. எண்ணெய் நிலத்தடியால் வர ஆண்டுகள் எடுக்கும். கேடு நடந்த நாளை விட்டுவிட்டு, அது தெரியவந்த நாளிலிருந்து காலத்தை எண்ணும் தனி வழி சுற்றாடல் சட்டத்திலேயே இருக்கவேண்டும். முதலீட்டை அழைக்கும் நிறுவனத்தின் கையில் சுற்றாடல் கண்காணிப்பின் எந்தப் பங்கும் இருக்கக்கூடாது என்பதையும் சேர்க்கவேண்டும்.

பணத்தை எப்போது வாங்குவது என்பது இன்னும் முக்கியம். பிச்சிரி வழக்கில் மீட்புச் செலவு 37 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் என்று கணக்காகியும் ஆலைக்காரர்கள் மனுமேல் மனுப் போட்டு இழுத்தடித்தார்கள். 2011 இல் உச்ச நீதிமன்றம் கூட்டுவட்டியோடு கட்டச் சொல்லவேண்டி வந்தது. வேலூர்த் தோல் ஊர்களைப் பற்றி அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடி தீர்ப்பெழுத நேர்ந்தது. கேடு நடந்தபின் பணம் வாங்குவது இவ்வளவு கடினம் என்றால் நடக்குமுன் வாங்குவதே வழி. எண்ணெயோ இரசாயனமோ சேர்த்து வைக்கும் எந்தத் தொழிலும் உரிமம் பெறும்போதே துப்புரவுச் செலவுக்கு வங்கி உத்தரவாதம் வைக்கட்டும். கம்பனி கலைந்தாலும் காசு இருக்கும்.

கடைசியாக ஒன்று, மிகச் செலவு குறைந்தது. ஆபத்தான தொழில் நடக்கும் ஒவ்வோர் இடத்தையும் சுற்றிச் சில கண்காணிப்புக் கிணறுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுதந்திரமான ஆய்வுகூடத்தில் சோதனை, முடிவு தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகப் பலகையில் பொதுமக்கள் பார்வைக்கு. சுன்னாகத்தில் இது இருந்திருந்தால் மக்கள் வாளியைப் பார்த்து அறியுமுன் அதிகாரசபை அறிந்திருக்கும், ஒரு குழுவின் அறிக்கையை இன்னொரு குழுவின் அறிக்கை மறுக்கும் குழப்பமும் வந்திராது. இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையுமில்லை. சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தில் நிபந்தனை விதிக்கும் அதிகாரம் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு ஏற்கெனவே இருக்கிறது. அடுத்து புதுப்பிக்க வரும் உரிமத்திலேயே அதை எழுதலாம்.